வாள் நுனியில் எலுமிச்சம்பழம்

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இல்லாததற்கு நான்தான் காரணம். ஊரில் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். நானே எழுதிவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். சித்திரை வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காரைக்குடி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொள்வது எனக்குத் தெரியும். இடிக்கட்டும். நானும் அதே வெயிலில்தான் நிற்கிறேன்.

கதையை ஒரு தலையணை உறையிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுபதாம் ஆண்டு. காரைக்குடியில் புகுமுக வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு மைதானத்தில் பரேடு போகும் மாணவிகளில் நான் ஒருத்தி. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மச்சான் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தார். லீவில் வந்தாரென்றால், அவர் தொப்பியில் குத்தியிருக்கும் பித்தளைச் சின்னத்தை என் கையிலிருந்து காப்பாற்றுவதே அவருக்குப் பாதி நாள் வேலையாக இருக்கும்.

உள்ளங்கையில் பாதிகூட இருக்காது அது. உச்சியில் மூன்று சிங்கத் தலைகள். கீழே, நுனி மேலே பார்க்கக் குறுக்காக வைத்த இரண்டு வாள்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சங்கு. அடியில் இரு முனையும் மடங்கிய நாடா. அதில் படைப்பிரிவின் பெயர்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. பெரிய வீடுகளின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் தெரியும்: நடுவில் யானைகள் நீரூற்ற லட்சுமி உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு இரண்டு பக்கமும் சுதையால் செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் எந்த ராஜாவுடையதோ, ஒரு சிங்கமும் கொம்பு வைத்த குதிரையும் எழுந்து நிற்கும். எந்த வீட்டு நெற்றியிலும் யாருடைய சிங்கமும் ஏறலாம் என்பதுதான் இங்கே வழக்கம். அழகாக இருக்கிறதா, போடு.

எனக்கு அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது ஒரு புத்தகம். எங்கள் கல்லூரியில் பரேடு சாமான்கள் வைக்கும் அறையின் அலமாரியில், பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களுக்கு அடியில், அட்டை போன ஒரு இங்கிலீஷ் கைப்புத்தகம் கிடந்தது. படைச் சின்னங்களை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, எந்தப் பகுதிக்கு என்ன பொருள் என்று அதில் இருந்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். சிங்கங்கள் நாட்டைக் குறிப்பவை. அவற்றுக்கு மேலே எதுவும் வரக்கூடாது. வாள் கீழே இருப்பது, அது சிங்கத்தின் சொல்லைக் கேட்கும் என்பதற்கு. குறுக்காக இருப்பது, இப்போது வெட்டவில்லை, ஆனால் உறையிலும் இல்லை என்பதற்கு. பெயர் கடைசியில், அடியில். எல்லாவற்றையும் தாங்குவது அது. இதைப் படித்த பிறகு அந்தப் பித்தளைத் துண்டை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

மச்சானிடமே இதை விளக்கினேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"நீ சொல்றதுல பாதி எங்க சுபேதாருக்கே தெரியாது பிள்ள," என்றார். "எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். காலையில அது மின்னலைன்னா, ராத்திரி வரைக்கும் ஓடவிடுவாய்ங்க."

அவ்வளவு தெரிந்த நான்தான் அந்தத் தலையணை உறையைத் தைத்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து, மஞ்சள் நூலில், சிங்கத்தின் பிடரிமயிர் வரைக்கும் விடாமல் எம்பிராய்டரி. அவர் லீவு முடிந்து கிளம்பும் முன் எடுத்துக் கொடுத்தேன். மச்சான் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் தச்சிருக்க. இதுல நான் எங்குட்டுத் தலைய வைக்கிறது? சிங்கத்து மூஞ்சியிலயா?"

எனக்கு முகம் சுட்டுவிட்டது. மிதிக்கும் பொருளிலும், உட்காரும் பொருளிலும், படுக்கும் பொருளிலும் சின்னம் கூடாது. புத்தகத்தின் நான்காவது பக்கம். கத்தரியை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இவளுக்குத் தைக்கிறதுலயும் அவசரம், பிரிக்கிறதுலயும் அவசரம். துணியவாச்சும் விட்டு வையி."

துணியை விட்டு வைத்தேன். நூல் போன பிறகு ஊசித் துளைகள் மட்டும் நின்றன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிங்கமும் வாளும் சங்கும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த உறையை அக்கா எடுத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்று டிசம்பரில் தந்தி வந்தது. அந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அக்காவுடையது. பிறகு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அதற்குள் ஸ்வெட்டருக்கு நடுவே சுருட்டி வைத்த தொப்பியில் அந்தச் சின்னம் இருந்தது. மின்னிக்கொண்டிருந்தது.

ஒரு வருடத்துக்குமேல் ஆன பிறகு, ஊர்க்காரர்கள் கூடி, மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் மச்சான் பெயரில் நிழற்குடை கட்டுவது என்று பேசினார்கள். செலவை ஏற்க வந்தவர் எங்கள் ஊரில் பிறந்து புதுவயலில் அரிசி ஆலை நடத்துகிறவர். அவரை மில்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். இரண்டு மணியிலும் அவர் பெயர் இருக்கும். அடித்தால் அந்தப் பெயர்தான் ஒலிக்கும் என்று எங்கள் அப்பா சொல்வார்.

என்ன வேண்டும் என்று அக்காவைக் கேட்டார்கள். அவள் ஒரே தடவைதான் சொன்னாள்.

"அவுக பேரும் அந்தச் சின்னமும். வேற எதுவும் வேணாம்."

பின்சுவரை உயர்த்திக் கட்டி, அதன் நெற்றியில் சுதையில் சின்னம் செய்து, அதற்குக் கீழே மச்சான் பெயர், அதற்கும் கீழே இருந்து முன்பக்கமாகச் சரியும் தகரக் கூரை. இதுதான் திட்டம். சுவர் எழும்பும்போதே மில்காரர் ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னம் பெரிதாக இருந்தது. அதன் கீழே அவருடைய ஆலையின் பெயர் அதைவிடப் பெரிதாக இருந்தது. மச்சான் பெயர் இரண்டுக்கும் இடையில் எறும்பு ஊர்ந்த மாதிரி.

"அதோட ஆத்தா," என்றார் என்னிடம், "இதே சிங்கத்தையும் வாளையும் நம்ம அரிசிச் சாக்குலயும் போடலாம்னு இருக்கேன். மாப்பிள்ளை பேரு மெட்ராஸ் வரைக்கும் போகும்ல?"

"சாக்கு லாரியில ஏறயில மூட்டை தூக்குறவுக எது மேல மிதிச்சு ஏறுவாக?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாதுங்கிறது."

அவர் படத்தை மேசையிலேயே விட்டுப் போனார். அன்று மாலையே மச்சானின் படைப்பிரிவு அலுவலகத்துக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி நான்கு பக்கம் எழுதினேன். அப்பாவிடம் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரே பக்கத்தில் பதில் வந்தது. போரில் இறந்தவரின் நினைவிடத்தில் சின்னத்தை வைக்கலாம். கூட அனுப்பியிருக்கும் வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்; எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எந்த வியாபாரத்தின் பெயரும் அதனோடு சேரக்கூடாது. சேர்த்தால் சட்டப்படி குற்றம். அடியில் ரப்பர் முத்திரை.

மில்காரர் அந்த முத்திரையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "சரி. ராஜாங்கத்துக் காகிதம். நான் என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, வரைபடத்தைச் சுதைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு நான் பரீட்சைக்குப் போய்விட்டேன். பத்து நாள் காரைக்குடியில் சிநேகிதி வீட்டில் தங்கிப் படித்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றேன்.

சின்னம் உட்கார்ந்திருந்தது. என்ன வேலை! சிங்கங்களின் கன்னச் சதைகூடத் தெரிந்தது. சங்கு இப்போது ஊதிவிடும்போல இருந்தது. நாடாவில் எழுத்து ஒவ்வொன்றும் செதுக்கினாற்போல. அதற்குக் கீழே மச்சான் பெயர். வாள் இரண்டின் நுனியிலும், பளிச்சென்று மஞ்சள் வர்ணத்தில், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

கொத்தனார் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பெரிய வீட்டு முகப்புகளில் லட்சுமி செய்தே விரல் தேய்ந்தவர். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அது என்ன மாமா, வாள்மேல?"

"பாத்தாத் தெரியலையா ஆத்தா? எலுமிச்சங்காய்."

"வரைபடத்துல இருந்துச்சா?"

"அந்தப் படத்த வரஞ்சவன் விட்டுப்புட்டான். நான் கவனிச்சுப் போட்டேன்." நான் மறுபடி அண்ணாந்து பார்த்ததும் அவரே தொடர்ந்தார். "வெறும் வாள் நுனிய வானத்தப் பாக்க நிறுத்தி வைக்கிறதா? நம்ம கருப்பர் கோயில்ல அருவா வெறுமனே நிக்கிது பாத்திருக்கியா? ஒரு முனை டீக்கடைய நேராப் பாக்குது. அங்க மருமக பிள்ளைத்தாச்சி. கடைக்காரம்மா வந்து அழுதுச்சு. ரெண்டு பழத்துல போச்சு. என்ன இப்ப?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. உக்கிரமான ஆயுதத்தின் கூரில் எலுமிச்சம்பழம் குத்திச் சாந்தப்படுத்துவது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். வாள் குறுக்காக இருப்பதற்குப் புத்தகம் சொன்ன பொருளைத்தான் அவர் பழத்தால் சொல்லியிருந்தார். ஆனால் மச்சான் தலையில் சுமந்தது இது இல்லை.

நான் யோசித்து முடிக்கும் முன் மில்காரரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, அண்ணாந்து பார்த்து, என்னைப் பார்த்தார்.

"படிச்ச பிள்ள நீயே சொல்லு. எலுமிச்சங்காய் உன் காகிதத்துல இருக்கா?"

"இல்ல."

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னுதான போட்டிருக்கு? அப்ப இது பட்டாளத்துச் சின்னம் இல்ல. வெறும் சுதை. வெறும் சுதைக்குக் கீழ என் மில் பேரப் போட்டா எந்தச் சட்டம் என்னையத் தடுக்கும்?"

நான் எழுதி வாங்கிய காகிதத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "சிங்கத்துக்கு ஜூஸ் போட்டுக் குடுங்கப்பா," என்றார்.

"நாளைக்கு மத்தியானம் பெயிண்டர் வாரான்," என்று சொல்லிவிட்டு மில்காரர் காரில் ஏறினார். "தகரமும் நாளைக்குத்தான் வருது. பேரு ஏறுனா கூரை ஏறும்."

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அந்தப் பழம் ரெண்டும் போயிட்டா அது சரியான சின்னமா?"

"சரியான சின்னம்."

"அப்ப எடுத்துரு."

மறுநாள் காலை கொத்தனாரைக் கேட்டேன். மாட்டேன் என்றார். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, சாத்திய பழத்தைத் தன் கையால் எடுக்கமாட்டார். பேரன் பேத்தி இருக்கிற குடும்பம். உளியைக் கொடுங்கள் என்றேன். அவர் உளியைக் கொடுக்கவில்லை. ஆனால் உளி இருந்த சாக்குப்பையைத் தரையில் வைத்துவிட்டு, வெற்றிலை வாங்க டீக்கடைப் பக்கம் நடந்தார்.

பத்து மணி வெயில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் நடுவயதுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார். நாலு பேர், பத்து பேர், பிறகு நான் எண்ணவில்லை.

டீக்கடைக்காரம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "ஏ பிள்ள, என் வீட்டப் பாத்துக் கத்திய நீட்டுறியே, நீ நல்லாயிருப்பியா?" என்றார்.

"அது உங்க வீட்டப் பாக்கல அத்த. வானத்தப் பாக்குது."

"வானத்துக்குக் கீழதான என் வீடும் இருக்கு?"

உளியை வைத்துத் தட்டினேன். சுதை இன்னும் முழுசாக இறுகவில்லை. முதல் பழம் ஒரே துண்டாகக் கழன்று என் கையில் விழுந்தது. உள்ளே வெள்ளையாக, குளிர்ச்சியாக இருந்தது. கீழே குனிந்து அக்காவிடம் கொடுத்தேன். இரண்டாவதைத் தட்டும்போது உளி சரிந்து, வாளின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது.

"தள்ளு ஆத்தா, தள்ளு. சிங்கத்து மூக்க ஒடச்சிருவ போல." கொத்தனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். என்னை இறக்கிவிட்டு அவர் ஏறினார். பழத்தைத் தொடவில்லை, கீறலை மட்டும் ஈரவிரலால் தேய்த்து அடைத்தார். "மிச்சத்த நீயே வந்து எடு," என்று இறங்கினார். மறுபடி ஏறி எடுத்தேன். அப்புறம் அவர் ஏறி இரண்டு நுனியையும் சாணையில் இட்டதுபோலக் கூராக்கிவிட்டு வந்தார். பழம் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக நின்றது. பிரித்த தையலின் துளை மாதிரி, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் மில்காரரும் பெயிண்டரும் தகர லாரியும் ஒன்றாகவே வந்தார்கள். வரைபடத்தை நீட்டினேன். அவர் அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிங்கம் மூன்று. வாள் இரண்டு. சங்கு ஒன்று.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரொம்பச் சரியா இருக்கு." லாரிக்காரரைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். "வண்டியத் திருப்புப்பா. கூரையையும் இந்த ஆத்தாவோட பட்டாளத்தாளே போடட்டும்."

லாரி திரும்பியது. தகரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு புதுவயல் பக்கம் போன சத்தம் வெகுதூரம் கேட்டது. பிறகு ஊர் என் பக்கம் திரும்பியது.

"உன் சிங்கம் நிழல் குடுக்குமாடி?"

"மழைக்கு நாங்க எங்குட்டு ஒதுங்குறது, அந்த வாளுக்கு அடியிலயா?"

"ஒரு பேரு எழுதுனா என்ன கொறஞ்சு போச்சு? செத்தவரு வந்து கேக்கப்போறாரா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒரு வருடத்துக்கும் மேலாக ஊர் நடுவில் வாய் திறக்காதவள், அந்தச் சுதைப் பழங்கள் இரண்டையும் முந்தானையில் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அவுக பேருக்குக் கீழ இன்னொருத்தர் பேரப் போட்டுட்டு நிழல்ல நிக்கிறதுக்கு, நான் வெயில்லயே நின்னுக்கிறேன். நிக்க முடியாதவுக அங்குட்டு வேப்பமரத்தடியில நில்லுங்க. பஸ்காரர் அங்கயும் நிறுத்துவாரு."

வேப்பமரம் நூறு கெஜம் தள்ளி இருந்தது. இன்றைக்கும் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள். பஸ்காரர் இரண்டு இடத்திலும் நிறுத்தி இரண்டு இடத்திலும் திட்டுகிறார்.

டீக்கடை மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அது என் கையிலிருந்து மிட்டாய் பிடுங்கித் தின்கிறது. அது நல்லபடி பிறந்ததற்கு நான் பொறுப்பில்லை. டீக்கடைக்காரம்மா தன் வாசலில் வாராவாரம் புதுப் பழம் கட்டினார். சில வெள்ளிக்கிழமைகளில், எங்கள் சுவரின் அடித்திண்டிலும் ஒரு பழம் இருக்கும். யார் வைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. தரையோரத்தில் பழம் வைக்கக்கூடாது என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பார்த்துவிட்டேன்.

போன மாதம் மில்காரர் ஆள் அனுப்பினார். நாலு வருடம் ஆகிவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது, கோபம் இல்லை. கூரை போட்டுத் தருகிறாராம். பெயர்கூடப் பெரிதாக வேண்டாம், மூலையில் சின்னதாக, கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் போதுமாம்.

வந்த ஆள் நியாயமாகத்தான் பேசினார். மத்தியானம் பன்னிரண்டு மணி. நானும் அக்காவும் பஸ்ஸுக்குச் சுவரடியில் நின்றுகொண்டிருந்தோம். என் தலை கொதித்தது. குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு அலையும் எனக்கு நிழலின் அருமை நன்றாகத் தெரியும். அக்கா கையில் குடை இருந்தது. அதை அவள் விரிக்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் மட்டும் அவள் எப்போதும் விரிப்பதில்லை.

"கண்ணுக்கே தெரியாம இருந்தாப் போதும்னா," என்றாள் அக்கா, "எழுதாமலே விட்டுறச் சொல்லுங்க. அதுதான் இருக்கறதுலயே சின்ன எழுத்து."

பஸ் வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். ஏறிக்கொண்டோம்.